ஜன்னலோரத்து டம்ளர்

சாம்பார் குண்டானைக் கவிழ்த்துப் பிடித்தபடி லோகு பாத்திரம் கழுவும் மிஷினுக்கு முன்னால் மண்டி போட்டிருந்தாள். கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் ஆடித் தள்ளுபடிக்காகக் கலர் காகிதத் தோரணம் கட்டிய கடை. டிவி பார்க்க வந்தவர்களும் மிக்ஸி மாற்ற வந்தவர்களும் அவளைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அவள் பக்கத்தில் ஓர் அரிசிச் சாக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதிலிருந்து குக்கர், இட்லிப் பானை, பெரிய எவர்சில்வர் வாணலி, அன்னக்கூடை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து கடையின் வழுவழுத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்பது வருஷமாகத் தினம் இரண்டு வேளை அவள் தேய்த்த பாத்திரங்கள். எதில் எங்கே நெளிவு, எதன் அடியில் எந்தக் கறை போகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பாத்திரங்களைக் கடைக்குத் தூக்கி வந்தது வச்சலாம்மாவின் யோசனை. அந்த அம்மாள் அப்படித்தான். ரவிக்கைத் துணி எடுக்கப் போனால் புடவையையே மடித்து எடுத்துக்கொண்டு போவார். மூடி வாங்கப் போனால் பாத்திரத்தோடு போவார். அமெரிக்காவில் இருக்கும் மகன் அரசு, ரெண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்றைத் தேர்ந்தெடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னதும், வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் ஒரு முழு வெள்ளைத் தாளில் கோடு போட்டு இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதினார். செங்கல்பட்டில் முப்பது வருஷம் சர்க்கார் கோப்பு பார்த்த கை. உயரம் ஒன்று, அகலம் ஒன்று. குடிக்கிற தண்ணீர் ஒன்று, தின்கிற கரண்ட் ஒன்று. கம்பெனியும் ஒன்று. கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "ரெண்டும் ரெட்டப் பிள்ளைங்க வச்சலா. ஒண்ணக் கூப்பிட்டா இன்னொண்ணும் திரும்பிப் பாக்கும்" என்றார். "பேப்பர்ல எழுதினா என்ன தெரியும்? பாத்திரத்தப் போட்டுப் பாத்தாதான் தெரியும்" என்று வச்சலாம்மா சாக்கை எடுத்தார். பாத்திரத்தைப் போட்டுப் பார்க்க லோகுவை விட்டால் வேறு யார்?

கடையில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவன் தௌசிஃப். நாற்பதை நெருங்கும் வயது, தாடியில் இரண்டொரு வெள்ளை. லோகு கோவளம் குப்பத்துக்காரி என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ஊரு! தர்காவுக்குப் பின்னாலதான் அக்கா நம்ம வூடு" என்றவன், வச்சலாம்மா பக்கம் திரும்பி, "உங்க அக்காங்களா மேடம்? கைக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு கூட்டினு வந்தீங்களா?" என்றான்.

வச்சலாம்மா சிரித்தார். "எங்க வீட்டு மனுஷி மாதிரிதான்" என்றார்.

மூன்று கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. லோகு ஒன்றை எடுத்துக்கொண்டாள். வச்சலாம்மா, "நான் வெளியில எதுவும் குடிக்கறதில்லப்பா" என்று கையைக் குவித்துச் சொன்னார். ஆடி மாதம், ஏதாவது விரதமாயிருக்கும் என்று லோகு நினைத்துக்கொண்டாள். வீட்டு மனுஷி என்ற சொல் அவளுக்கு டீயைவிட இனித்தது. அதன் வாலில் ஒட்டியிருந்த 'மாதிரி' அவள் காதில் விழவில்லை.

விழுந்திருந்தாலும் அவள் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டாள். வச்சலாம்மா செய்த நல்லதையெல்லாம் அவள் மனசில் ஜபமாலை மணிபோல உருட்டுகிறவள். கண்ணாடி டம்ளர் உடைந்து உள்ளங்கையைக் கிழித்த அன்று, அந்த அம்மாளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போடும் வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் சங்கவி நர்சிங் சேரும்போது விண்ணப்பத்தைச் சிவப்பிரகாசம் ஐயாதான் உட்கார்ந்து நிரப்பினார். தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்கு வெல்லம், காய்ச்சல் என்றால் கஷாயம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டம்ளர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வச்சலாம்மா ஓர் எவர்சில்வர் டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தார். விளிம்பில் லேசாக நசுங்கல், மற்றபடி கனமான நல்ல டம்ளர். "இது உன்னோடது லோகு. இதுல வேற யாரும் குடிக்க மாட்டாங்க. ஜன்னல்கிட்ட வெச்சுக்கோ" என்றார். லோகு பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, இது என்னுடையது என்று ஒரு டம்ளர் இருந்ததில்லை. எது கைக்கு வந்ததோ அதில் குடிப்பது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரன் பன்னீர்செல்வத்திடம், "அந்த வூட்ல எனக்குன்னு தனி டம்ளர் கீது, தெரியுமா?" என்று சொன்னாள். அவன் பீடியை வாயிலிருந்து எடுத்து அவளைப் பார்த்தான். "தனி டம்ளரா? அடேங்கப்பா, நீ ராணிமே" என்று சிரித்தான். ஏன் அப்படிச் சிரிக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. தனக்குக் கிடைத்த நன்மைகளை எண்ணிக்கொண்டே வாழ்கிறவர்கள் ஒன்றிரண்டைத் தவறாகவும் எண்ணிவிடுவதுண்டு. கடவுள் அதைக் குற்றமாகப் பிடிக்க மாட்டார்.

மிஷின் வாங்கும் பேச்சு சென்ற மாதம் ஆரம்பித்தது. குப்பத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும் வரை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை, வெளிவேலைக்கும் போவதில்லை. அந்த மாதம் மூன்று சாவு. மூன்று நாளும் வச்சலாம்மா முட்டிவலியோடு தொட்டியடியில் நின்று பாத்திரம் தேய்த்தார். மூன்றாவது நாள் ராத்திரி அரசுவிடம் போனில் அழுதார். கடைக்கு வருவதற்கு முந்தின நாள் லோகுவை உட்காரவைத்து ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார்: "பெரிய பாத்திரமெல்லாம் மிஷின்ல போகாதுன்னு பக்கத்து ஃபிளாட்ல சொல்றாங்க. அப்படின்னா நீ வழக்கம்போல வந்துடு லோகு. எல்லாமே போயிடுச்சுன்னாதான்... அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை இருக்கு சொல்லு. பெருக்கித் துடைக்க ஸ்ரீதேவி வந்துடறா."

லோகு அப்போது தலையை ஆட்டினாள். இடுப்பு வளையாமல் போன பிறகு மற்ற வீடுகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். இந்த ஒரு வீடுதான் மிச்சம். சங்கவிக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு இருக்கிறது. ஆகையால், கடைத் தரையில் மண்டி போட்டுக் குண்டானை உள்ளே விட்டபோது, அது உள்ளே போகக் கூடாதே என்றுதான் அவள் கரையிலிருக்கும் அம்மனை வேண்டிக்கொண்டாள்.

அம்மன் கேட்டாள் போலத்தான் இருந்தது. இடதுபக்கத்து மிஷினில் குண்டான் போகவில்லை. கீழ்த்தட்டு முழுக்கத் தட்டுகளைச் செருகி நிறுத்துவதற்காக வரிசை வரிசையாகக் கம்பிகள் நெட்டுக்குத்தாக நின்றன. குண்டான் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, மேலே தண்ணீர் பீய்ச்சிச் சுழல வேண்டிய குழாயை முட்டியது. குக்கரும் அப்படியே. வாணலியைச் சாய்த்து வைத்தால் கதவு மூடவில்லை. வலதுபக்கத்து மிஷினிலும் அதே கம்பிகள், அதே இடிப்பு. லோகுவின் நெஞ்சில் ஒரு குளுமை பரவியது.

"ரெண்டும் ஒரே மாடல்தான்க்கா. இத்தோட நெத்தியில மட்டும் லைட்டு எரியும்" என்று தௌசிஃப் இடதுபக்கத்ததைத் தட்டினான். அதன் கதவு மேலே திருநீற்றுப் பட்டை போல ஒரு வெள்ளை வெளிச்சம் நீளமாக ஓடியது. அதற்குள் வேறொருவர் அவனைக் கூப்பிட, அந்தப் பக்கம் போனான். வச்சலாம்மா போனைத் தூக்கிப் பிடித்து, மகனுக்கு அந்தப் பட்டை வெளிச்சத்தைக் காட்டுவதற்காகச் சிக்னல் தேடி வாசல் பக்கம் போனார்.

லோகு வலதுபக்கத்து மிஷினிலிருந்து குண்டானை வெளியே எடுத்தாள். எடுக்கும்போது அதன் காது ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. விடுவிக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். டக் என்று ஒரு சத்தம். அந்த வரிசைக் கம்பிகள் மொத்தமாக, காற்றில் சாயும் நாணல்போல, தட்டோடு தட்டாகப் படுத்துக்கொண்டன. அவள் கை நின்றது. அடுத்த வரிசையை இழுத்தாள். அதுவும் படுத்தது. மேல்தட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. அழுத்தினாள். தட்டு நாலு விரற்கடை மேலே ஏறியது. இப்போது குண்டானை வைத்தாள். பக்கத்திலேயே குக்கர் உட்கார்ந்தது. வாணலி சாய்ந்துகொண்டது. கதவை மூடினாள். மூடிக்கொண்டது.

இடதுபக்கத்ததில் இழுத்துப் பார்த்தாள். கம்பி அசையவில்லை. மேல்தட்டும் அசையவில்லை.

ஐயாவின் தாளில் இல்லாத வித்தியாசம். கடைக்காரனுக்கும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். லோகு சுற்றிலும் பார்த்தாள். பிறகு பாத்திரங்களை வெளியே எடுத்து, படுத்திருந்த கம்பிகளை ஒவ்வொரு வரிசையாக நிமிர்த்தினாள். மேல்தட்டைக் கீழே இறக்கினாள். இரண்டு மிஷினும் மறுபடி இரட்டைப் பிள்ளைகளாக நின்றன.

பொய் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதுகூடப் பாவமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். மிஷின் வந்தாலும் குண்டானும் குக்கரும் மிச்சமிருக்கும். அவளும் மிச்சமிருப்பாள். யாருக்கு என்ன நஷ்டம்?

வச்சலாம்மா திரும்பி வந்தார். "ரெண்டுலயும் போகலைல்ல? எனக்குத் தெரியும். சரி விடு, அப்ப இந்தப் பட்டை போட்டதையே வாங்கிடலாம். பாக்க லட்சணமா இருக்கு" என்றவர், லோகு எழ முடியாமல் தரையில் கையை ஊன்றித் தடுமாறுவதைப் பார்த்தார். "என்ன, முட்டி பிடிச்சிக்கிச்சா? உன்னைப் போய் இவ்ளோ நேரம் தரையில உக்கார வெச்சிட்டேன் பாரு" என்று குனிந்து, தன் இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றித் தூக்கிவிட்டார். மெத்தென்ற கை. மோதிரத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு லோகு எழுந்து நின்றாள். கையை விட்டதும், அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"அம்மா, அது வேணாம்மா. இதுல எல்லாம் போவுது. இந்தக் கம்பி படுக்குது, இங்க பாரும்மா."

தௌசிஃப் ஓடிவந்து குனிந்து பார்த்தான். "யப்பா! இது வந்து நாலு நாள்தான் ஆவுது, நானே இத கவனிக்கலியே. அக்கா, பேசாம நீங்க கடையில வேலைக்குச் சேந்துடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லோகுவும் சிரித்தாள். தனக்கு எதிராகச் சொன்ன ஓர் உண்மைக்கு ஒரு மதிப்பு இருக்கும், இந்த அம்மாளின் மனசில் அது போய்ச் சேரும் என்று அவள் நம்பினாள். அவள் நம்பியதில் தப்பில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சாக்கு இருவருக்கும் நடுவில் இருந்தது. "நீ சொல்லலைன்னா தப்பானத வாங்கியிருப்பேன் லோகு. நல்ல வேளை" என்றார் வச்சலாம்மா. அடுத்து வருவதற்காக லோகு காத்திருந்தாள். ஆட்டோ சுங்கச் சாவடியைத் தாண்டியது. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மாட்ட வராங்களாம். அன்னிக்கு வந்து எது எது எங்க வெக்கணும்னு காட்டிக் குடுத்துடு. அதோட நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு. எத்தினி வருஷமா உழைச்சிட்டே."

*

"வாயத் தொறந்து சொன்னியா நீயே?" என்றான் பன்னீர்செல்வம். இரண்டு விரல் போன பிறகு கடலை விட்டவன் அவன். கடற்கரையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கிழிக்கிறான். "உன் வலைய நீயே அறுத்துக்கினு வந்து நிக்கிற. இன்னாமே உனக்கு, லூசா?"

"சாமி பாத்துக்கினு கீது" என்றாள் லோகு.

"அது பாத்துக்கினேதான் கீது" என்றான் அவன்.

*

ஆடி மூன்றாம் வெள்ளி. மிஷினை மாட்டத் தௌசிஃப்பே கருவிப் பையோடு வந்திருந்தான். மாட்டுகிற ஆள் ஊருக்குப் போய்விட்டானாம். "ஜும்மாவுக்குள்ள முடிச்சிடறேன் மேடம்" என்று தரையில் படுத்துத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டான். லோகு அவனுக்கு டார்ச் பிடித்தாள். ஒன்பது வருஷம் அவள் நின்ற இடத்துக்கு வலது கைப்பக்கம், அலமாரியை அறுத்துச் செய்த பொந்தில் மிஷின் போய் உட்கார்ந்தது.

அரை மணி நேரத்தில் அவன் வியர்த்து நனைந்து எழுந்தான். "மேடம், கொஞ்சம் தண்ணி" என்றான்.

பூஜை அறையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த வச்சலாம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "லோகு, அந்தத் தம்பிக்குத் தண்ணி குடு. ஜன்னல் டம்ளர்ல குடு."

அலமாரியை நோக்கி நீண்டிருந்த லோகுவின் கை பாதியில் நின்றது. அங்கே பன்னிரண்டு டம்ளர் கவிழ்ந்திருந்தன, நேற்று அவள் தேய்த்துக் கவிழ்த்தவை. இதுல வேற யாரும் குடிக்க மாட்டாங்க என்று சொன்ன குரலும் இதே குரல்தான். அவள் ஜன்னலடிக்குப் போனாள். தன் டம்ளரை எடுத்தாள். தண்ணீர் பிடித்தாள். அந்தப் பத்தடி தூரத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. பன்னீரின் சிரிப்பு ஒன்பது வருஷம் கழித்து இப்போது அவள் காதில் சரியாக விழுந்தது.

தௌசிஃப் வாய் வைத்துக் குடித்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று முனகிவிட்டு டம்ளரை மேடையில் வைத்தான். காலைப் பலகாரத்தின் எச்சில் தட்டுகள், காபி டம்ளர்கள், குண்டான், குக்கர் என்று ஒவ்வொன்றாக அவன் அடுக்க, எது எங்கே என்று லோகு காட்டினாள். "தோசைக்கல்லு மட்டும் இதுல போடக் கூடாதுக்கா, துருப் புடிக்கும்" என்றான். "அத நானே தொடச்சிப்பேன்" என்று வச்சலாம்மா, தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமத்தோடு வந்துகொண்டே சொன்னார். மேல்தட்டில் ஓர் ஓரத்தில் இடம் காலியாக இருந்தது. தௌசிஃப் தான் குடித்த டம்ளரை எடுத்து அதில் கவிழ்த்தான். லோகு பார்த்தாள். தடுக்கவில்லை. மற்ற டம்ளர்களோடு தோள் ஒட்டி அது நின்றபோது, எது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது, அந்த நசுங்கல் மட்டும் இல்லாவிட்டால். கதவு மூடியது.

வச்சலாம்மா மிஷினின் நெற்றியில் மூன்று இடத்தில் மஞ்சள் வைத்துக் குங்குமம் இட்டார். கற்பூரம் காட்டினார். பிறகு லோகுவின் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார். "நீ செலக்ட் பண்ணினது. நீயே அமுக்கு."

அந்த அம்மாளின் முகத்தில் நிஜமான பிரியம் இருந்தது. லோகு பொத்தானை அமுக்கினாள். உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சிவப்பிரகாசம் கூடத்திலிருந்து, "ஓடுதா?" என்றார். "ஓடுதுங்க!" என்று கைதட்டித் திரும்பிய வச்சலாம்மாவின் கண் ஜன்னலோரத்தில் போய் நின்றது.

"அந்த டம்ளர் எங்க?"

"உள்ள போட்டுட்டேன் மேடம். ஒரு எடம் சும்மா கெடந்துது" என்றான் தௌசிஃப்.

வச்சலாம்மா மிஷினை நெருங்கி வந்தார்.

"நிறுத்துங்க" என்றார் வச்சலாம்மா.

"ஓடிக்கினு கீது மேடம், முடிஞ்சதும்..."

"நிறுத்துங்க தம்பி."

அவன் பொத்தானை அழுத்திப் பிடித்தான். பெருமூச்சு விட்டதுபோல மிஷின் அடங்கியது. கதவைத் திறந்ததும் ஈர வாடையும் சோப்பு வாசனையும் வந்தன. எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"லோகு, அத எடு" என்றார் வச்சலாம்மா, குரலைத் தாழ்த்தி. அவள் எடுத்தாள். அந்த அம்மாளின் கண் தட்டுகள் மேல் ஓடியது. பிறகு யாரையும் பார்க்காமல், "எல்லாத்தையும் வெளிய எடுத்து ஒரு தரம் கையால கழுவிடு. அப்புறம் மறுபடி போட்டுக்கலாம்" என்றார்.

"என்ன ஆச்சு?" என்றார் கூடத்திலிருந்து ஐயா.

"ஒண்ணுமில்லீங்க. தப்பா ஒரு பாத்திரம் போயிடுச்சு."

லோகு குழாயைத் திறந்தாள். தட்டு, டம்ளர், கரண்டி, குக்கர், குண்டான். பழகின கை தானாக ஓடியது. இந்தக் கை தேய்த்த தட்டில்தான் இவர்கள் ஒன்பது வருஷமாகச் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். சாமிக்குப் படைக்கும் பொங்கல் பானையும் இந்தக் கை தேய்த்ததுதான். கை ஆகிறது, வாய் ஆகவில்லை. எந்த வாய்? இன்று குடித்த அவனுடையதா, தினம் குடித்த தன்னுடையதா? கேட்டுவிடலாம். கேட்டால் அந்த அம்மாள் அழுதுவிடுவார். அழுதால் பிறகு தான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அவளிடம் இப்போது தெம்பில்லை.

தௌசிஃப் பையைக் கட்டாமல் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்திருந்தது. "அக்கா, நான் கொஞ்சம் கழுவித் தரட்டா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வேணாம்பா" என்றாள் லோகு, திரும்பாமல். "உன் கையும் பட்டா மூணாவது வாட்டி கழுவணும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை.

"கீழ வண்டிய வெச்சிக்கினு நிக்கறேன். கோவளம் வரிக்கும் வுட்டுட்டுப் போறேன்" என்றான்.

"உனக்குத் தொழுகைக்கு நேரமாவலியா?"

"நம்ம ஊர்லயே தொழுதுக்கறேன்க்கா. நீங்க மெதுவா வாங்க."

பாத்திரங்கள் மறுபடி உள்ளே போயின. இந்தத் தடவை பொத்தானை வச்சலாம்மா அமுக்கினார். பிறகு ஒரு பையைக் கொண்டுவந்தார். உள்ளே மடிப்புக் கலையாத புடவை, மேலே வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"தப்பா எடுத்துக்காத லோகு. எங்க மாமியார் காலத்துலேர்ந்து வந்த பழக்கம். கை அப்படியே வந்துட்டுது. மனசுல ஒண்ணும் கிடையாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றாள் லோகு. அது உண்மைதான். மனசில் ஒன்றும் இல்லாமலேயே இவ்வளவு செய்ய முடியும் என்பது இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அந்த டம்ளர எடுத்துட்டுப் போயேன். உன்னோடதுதானே அது."

லோகு டம்ளரைப் பார்த்தாள். மேடையில் தனியாக, சோப்பு நுரை காய்ந்து, வாய் மேலே பார்த்தபடி நின்றது.

"இங்கியே இருக்கட்டும்மா" என்றாள். "நாளைக்கு யாராச்சும் வந்து தண்ணி கேப்பாங்க இல்ல?"

வச்சலாம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது. அரசு. நிம்மதியாக அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். "ஆமாண்டா, ஓடுது... சத்தமே இல்ல... லோகுதான் கண்டுபிடிச்சா, கெட்டிக்காரி" என்று அவர் சொல்வது கேட்டது.

லோகு புளிச் சட்டியிலிருந்து ஒரு சுளை எடுத்தாள். டம்ளரின் உள்ளே விரலை விட்டு அடிவரை தேய்த்தாள். வெளிப்பக்கம் தேய்த்தாள். நசுங்கின விளிம்பின் மடிப்புக்குள் அழுக்குத் தங்கும், அங்கே கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். எந்த வாயோ, யார் பெற்ற பிள்ளையோ, என்ன தாகத்தோடு வந்து நிற்குமோ. வாசம் இருக்கக் கூடாது. மூன்று தரம் அலம்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகம் தெரிந்தது, கோணலாக.

கீழே வண்டி ஹாரன் ஒரு தடவை, தயங்கினாற்போல, ஒலித்தது. ஜன்னலோரத்துக் கருங்கல்லில், ஒன்பது வருஷத்து உப்புத்தண்ணீர் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் வரைந்து வைத்திருந்தது. லோகு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தாள். நூலிழை பிசகாமல் அந்த வட்டத்தில் அது பொருந்தி உட்கார்ந்தது. அதன் விளிம்பிலிருந்து ஈரம் கசிந்து, தடம் முழுக்க மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.